காக்கை இரண்டு முறை தட்டியது

போன வருடம் மே மாதம், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்தது இது. படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விசா முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். முதல் நேர்காணலுக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு டிராம் நிறுத்தத்துக்கு ஒரு மரத்தடி வழியாக நடந்தபோது, பின்மண்டையில் பட்டென்று ஓர் அடி. திரும்பினால் விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை. நம் ஊர்க் காக்கைக்குக் கழுத்தாவது சாம்பல் நிறம். இது அலகு முதல் கால் வரை கறுப்பு.

இயந்திரவியலில் முதுகலை படித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? அறைக்கு ஓடிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சனி தட்டியிருக்குடா. இன்னிக்கு எங்கயும் போவாத."

உடம்பு சரியில்லை என்று பொய் எழுதி அனுப்பினேன். நல்லவேளை, அடுத்த வாரம் வேறு நாள் கொடுத்தார்கள்.

மறுநாள் அதே மரத்தடியில், தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு "முருகா, முருகா" என்று ஓடினேன். தபால் சைக்கிளோடு நின்ற ஒருவன் சிரித்தான். என் வயதுதான், இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவனிடம் சனி கதையைச் சொன்னேன்.

"எனக்குக் கிழமைக்கு மூண்டு தரம் அடிக்குது. உங்கட கணக்குக்கு நான் எப்பவோ செத்திருக்கோணும்!" என்றான். "அங்க பாருங்கோ, பத்தைக்குள்ள குஞ்சு. இன்னும் பறக்க ஏலாது. பின்னாலதான் வந்து அடிக்கும். திரும்பி முகத்தைப் பார்த்தா வராது."

பார்த்தேன். புதருக்குள் குட்டை வால், நீலக் கண். மேலே தாய் கோபத்தில் சுள்ளிகளை ஒடித்து ஒடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

நேர்காணல் நாளன்று வேறு தெருவழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. காக்கையை முறைத்தபடியே பின்னோக்கி நடந்தேன். பாய்ந்து வந்தது, விலகிப் போனது. வென்றுவிட்டேன் என்று நினைத்த நொடியில், அதன் ஜோடி பின்னாலிருந்து தட்டியது!

அம்மாவை அழைத்தேன். "மறுபடியும் தட்டிடுச்சும்மா. ஆனா நான் போறேன்."

"தல கலஞ்சிருக்கும். சீவிட்டுப் போ" என்றார் அம்மா.

அந்த வேலை கிடைக்கவில்லை. என் ஜெர்மன் போதாது என்றார்கள். அது என் குறை, நான் திருத்திக்கொள்ளக்கூடிய குறை. உட்கார்ந்து படித்தேன், சில மாதங்களில் வேறு இடத்தில் சேர்ந்தேன்.

இந்த மே மாதமும் அந்த மரத்தடி வழியாகத்தான் போகிறேன், வெறும் தலையோடு. குஞ்சுக்காக அது தாராளமாக அடிக்கட்டும். என் நாளைத் தீர்மானிக்கும் வேலையை மட்டும் இனி எந்தக் காக்கைக்கும் தர மாட்டேன்.