எல்லம்மா பறந்த படம்

ஆம்பூர் தோல் கிடங்கில் ஈரத்தோல் சுமக்கும் எல்லம்மா டாக்கிப் படத்தில் ஆகாயத்தில் பறந்தாள் என்றால் அவள் தெருவே நம்பவில்லை. நம்பவும் வழியில்லை. திரையில் பறந்த ராட்சசியின் முகத்தைச் சடைமுடி மூடியிருந்தது, நோட்டீசில் கதாநாயகி பேர்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நடந்தது நிஜம். மெட்ராஸ் கம்பெனி ஒன்று பாலாற்று மணலில் மாயாஜாலப் படம் பிடிக்க வந்தது. ரெண்டு பனைமரத்தை நட்டுக் கம்பி கட்டினார்கள். ராட்சசியாகப் பறக்கவேண்டிய கதாநாயகி கம்பியை அண்ணாந்து பார்த்தாள், மோட்டாரில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவேயில்லை. கம்பெனி ஏஜெண்டு சாமிநாதன் பயப்படாத பொம்பளை தேடிக் கிடங்குக்கு வந்தான். எல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் புருஷன் தனகோடியும் அதே கிடங்கில் தோல் பதனிடுகிறவன். கம்பியில் தொங்கவிடக் கம்பெனிக்காரன் வைத்திருந்த கயிற்றை அவன் நம்பவில்லை. "எம் பொண்டாட்டிக்கு நான் பட்டை தெச்சுத் தர்றேன்" என்றான். எருமைத்தோல் பட்டையை நனைத்து இடுப்பிலிருந்து விலாவரை சுற்றிக் கட்டினான். ஈரத்தோல் உடம்போடு ஒட்டி உட்காரும், நழுவாது என்பது தோல்காரன் கணக்கு. கணக்கு சரிதான், சித்திரை வெயிலைத்தான் மறந்துவிட்டான். மேலே தூக்கி நிறுத்திவிட்டு, கேமராவை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி நேரத்தை ஓட்டினார்கள். பட்டை காய்ந்தது. காயக் காய இறுகியது. விலா எலும்பு நொறுங்கியபோது எல்லம்மா போட்ட அலறலில் அக்கரையில் மேய்ந்த மாடுகள் மிரண்டன. டைரக்டருக்கோ ஒரே சந்தோஷம். அலறல் அப்படியே படத்தில் ஏறிவிட்டது. கீழே இறக்கியதும் தனகோடி அழுதுகொண்டே பட்டையை அறுத்தான். அதற்கப்புறம் அவளால் தோல் சுமக்க முடியவில்லை. தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையைப் பெருக்கும் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். கூலியும் கம்மி.

படம் சக்கைப்போடு போட்டது. சோளிங்கர், நெமிலிக் கொட்டகைகளுக்கும் ஜனங்கள் வண்டி கட்டி வந்தார்கள். அந்த அலறலுக்குக் கொட்டகையில் பொம்பளைகள் குழந்தைகளை மாரோடு அணைத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் வேலூர் சபை ஒன்று சிறந்த டாக்கிக்குத் தங்கப் பதக்கம் என்று அறிவித்தது. "நம்ம படத்துக்கு வந்தா மேடையில உன் பேரச் சொல்றேன்" என்று சாமிநாதன் வாக்குக் கொடுத்தான். எல்லம்மாவுக்குப் பதக்கமும் வேண்டாம், பணமும் வேண்டாம். பறந்தது இவள்தான் என்று நாலு பேர் காதில் விழ யாராவது சொல்லவேண்டும், அவ்வளவுதான். தனகோடியையும் கோவிந்தம்மாளையும் கையோடு வேலூருக்கு இழுத்துப் போனாள்.

பதக்கம் குடி ஒழிப்புப் படத்துக்குப் போனது. குடி கெட்டதுதான், யார் இல்லை என்றது? ஆம்பூரில் அந்தப் படத்துக்கு ஈ கூட வரவில்லை என்பதும் உண்மைதானே. சபைத் தலைவர் ஒரு வக்கீல். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "மாயாஜாலம் பாமரருக்கு வேடிக்கை. அதில் ஒரு துளி மெய் உண்டா? சிரித்தாலும் பொய், அலறினாலும் பொய்" என்றார். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிற அந்தப் பேச்சுக்கு மண்டபமே கைதட்டியது. த்தூ, சாமிநாதனும் சேர்ந்து தட்டினான். கோவிந்தம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வக்கீல் மோட்டாரில் ஏறும்போது எல்லம்மா வழியை மறித்தாள். "சாமி, ஆகாசத்துல ராட்சசி அலறுதே, அதுகூடவா பொய்யி?"

"எந்த ராட்சசி?"

"பாலாத்துல எடுத்த படமுங்க."

"அந்தக் கண்றாவியையெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை அம்மா. படத்தின் பேரைக் கேட்டாலே தரம் தெரியாதா?" என்று சிரித்தார். பதக்கத்துக்குப் படம் பொறுக்கிய கமிட்டிக்காரர்களும் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். அத்தனை பேரில் ஒருத்தர்கூடப் பார்த்திருக்கவில்லை. பார்க்காமலே எடை போட்டிருக்கிறார்கள். மோட்டார் கிளம்பிப் போனது.

எல்லம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் தனகோடி புலம்பிக்கொண்டே வந்தான். "அலறுனது நீதான்னு அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"பாக்காதவன்கிட்ட இன்னாத்தய்யா சொல்றது" என்றாள் எல்லம்மா.