டைகருக்கு முதுகு காட்டி உட்கார்ந்த ரோசலின் அக்கா

ரோசலின் அக்கா இன்று காலை ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

காஹாங்கில் என் பழைய இரும்பு ஸ்டோருக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். கேட் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒயரைச் சீவிச் செம்பைத் தனியாக எடுப்பாரே, அவர்தான்.

காவலுக்கு என்று டைகரை வாங்கினேன். அடித்து வளர்த்தால்தான் காவல் நாய் முரடாகும் என்று எவனோ சொன்னதை நம்பினேன். ஒரு கையில் சோறு, ஒரு கையில் குச்சி. முட்டாள்தனம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாவது வாரம் என்னையே கடித்தது. கையில் ஏழு தையல். "திங்கக்கிழம நாய் பிடிக்கிற ஆள் வந்து கொண்டுபோயிடுவான். முடிஞ்சது கதை" என்றேன்.

"பேருதான் தம்பி டைகர். பயத்துல கடிச்சிருக்கு. லோரியிலேர்ந்து இரும்பத் தூக்கிப் போடுறப்ப அது வாலப் பாருங்க" என்றார் அக்கா.

பார்த்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் வாலைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டியது.

"ஒரு மாசம் குடுங்க. அதுவரைக்கும் இரும்பப் போடாதீங்க, இறக்கி வைங்க."

"அலமாக்! இரும்புக் கடையில சத்தம் இல்லாம எப்படிக்கா? பேசாம முட்டைக் கடை வச்சிடலாம் லா."

"வைங்களேன். முட்ட கையக் கடிக்காது."

லோரி ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் இரும்பை இறக்கித்தான் வைத்தார்கள்.

தினமும் மத்தியானம், சங்கிலி எட்டாத தூரத்தில் நாற்காலியைப் போட்டு, டைகருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். பின்னால், அதற்கு எட்டுகிற இடத்தில் பேப்பரில் ஒரு பிடி சோறு. கூப்பிட மாட்டார். திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

ஒன்பது நாள் அது கிட்டேயே வரவில்லை. பத்தாவது நாள் வந்து தின்றுவிட்டு ஓடியது. மறுநாள் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

ஒருநாள் அக்காவின் சிலிப்பர் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. "யாரும் அசையாதீங்க" என்றார், உதடு அசையாமல். நாங்கள் நாலு ஆம்பளைகள் இரும்புத் தகட்டைத் தூக்கிய கையோடு சிலை மாதிரி நின்றோம்...

அப்புறம் என் முறை. குச்சியை வாங்கி லோரிக்குள் எறிந்துவிட்டு என்னையும் அப்படியே உட்கார வைத்தார். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை, திரும்பிவிட்டேன். அது ஓடிவிட்டது.

"பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படி தம்பி நம்பும்? அவசரம் உங்களுக்குத்தான், அதுக்கு இல்ல."

கடைசிவரை எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. அக்கா பக்கத்தில் இருந்தால்தான் டைகர் என்னிடம் வரும்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து டைகர் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு நாளாக வெறும் தண்ணீர். கேட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது.

நாளைக் காலை லாபிஸில் அவர் வீட்டுப் பக்கத்து சர்ச்சில் பூசை, அப்புறம் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

இன்று லோரி எதுவும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை டைப் செய்வது அக்காவின் நீல நாற்காலியில் உட்கார்ந்து. டைகர் பின்னால் இருக்கிறது. பேப்பரில் ஒரு பிடி சோறு வைத்திருக்கிறேன்.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது...

நான் திரும்பிப் பார்க்கலக்கா. நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க.