மிளகுத் தோட்டத்து வாசல் தொட்டி

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பயம்தான் முதலில் வருகிறது.

அக்கா எங்கள் மலையின் எடப்புளி நாட்டில் பிறந்து, குண்டனி நாட்டில் வாழ்க்கைப்பட்டார். மாமா காலமான மறு மழைக்காலத்தில் தோட்டத்து மிளகுக்கொடி முழுவதும் வாடல் நோயில் போயிற்று. எல்லாம் ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டி நட்டவை, ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்று பிடித்த பயம் அக்காவை விடவே இல்லை.

பிறகு அட்டைக்கடி பட்டுச் சோலைக்குள் இறங்கி, மூன்று ஓடைகளிலிருந்து காட்டுமிளகுக் கொடிகளைக் கொண்டுவந்தார். அவற்றின் மேல் நல்ல மிளகை ஒட்டுக் கட்டினார். நோயைத் தாங்கும் மரபணு காட்டுக்கொடிக்குக் கொடி வேறுபடும் என்று தோட்டக்கலை அலுவலர் ஒருவர் சொல்லியிருந்தார். அக்கா அதைச் சுருக்கமாகச் சொல்வார்: "ஒரே ஓடைய நம்பக் கூடாது கண்ணு. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கோணும்."

நோய் ஈரமண்ணோடு காலில் ஒட்டி வரும். அதனால் தோட்டத்து வாசலில் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கரைத்த தொட்டி வைத்தார். அதில் கால் நனைக்காமல் யாரும் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்குப் போக முடியாது. "கோயில்லகூட இத்தன கெடுபிடி இல்லீங்க்கா" என்று கேலி செய்வேன். அக்கா சிரிக்கமாட்டார்.

நெஞ்சுவலி வந்த அன்று ஜீப்பில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினோம். பாதி வளைவுகள் தாண்டியதும், "தொட்டில தண்ணி மாத்துனியா சாமி?" என்று கேட்டார். "மாத்திட்டனுங்க்கா" என்றேன். அடிவாரம் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் கொட்டும் மழையில் ஊரே திரண்டு வந்தது. பெரியப்பா என்னைத் தனியே அழைத்து, "ஏங்கண்ணு, எழவுக்கு வாரவங்களத் தொட்டில கால வெக்கச் சொல்றது நல்லாவா இருக்குது?" என்றார். எனக்கும் கூச்சமாக இருந்தது. நானே தொட்டியைக் கவிழ்த்தேன். பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை. கவிழ்த்த கை என்னுடையது.

சில வாரங்களில் வழியோரக் கொடிகள் மஞ்சளித்து, கணுக்கணுவாகக் கழன்று விழுந்தன. முதல் ஓடைக் கொடிகள் எல்லாம் போயின. இரண்டாவது ஓடையின் கொடிகளில் பாதி போயின. மூன்றாவது ஓடையின் வரிசை மட்டும் பச்சையாக நிற்கிறது. ரோடு அகலப்படுத்தியபோது அந்த ஓடைக்கரையே அழிந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அந்தக் கொடி இனி எங்கள் தோட்டத்தில் மட்டும்தான். தினமும் விடிந்ததும் இலையைப் புரட்டிப் பார்க்கிறேன்.

ஜீப் ஓட்டிய தம்பிக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பங்காளி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இந்த மலரை வாசலிலேயே உங்கள் கையில் தருவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் தொட்டி இருக்கிறது. கால் நனைத்துவிட்டு உள்ளே வாருங்கள். தண்ணீரை இன்று காலைதான் மாற்றினேன்.