ஆறாவது போல்ட்

அப்பாவின் பழைய காரின் இன்ஜினுக்கு, கம்பெனி முத்திரையுள்ள அதே ஆறு போல்ட்டுகளைத் தேடி நாலு மாதமாக அலைந்து ஓய்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய இரும்புக்கடைக்காரர், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியோடு, ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் கட்டைவிரல் நகத்தால் வருடி வருடிப் பொறுக்கினார். மாலைக்குள் ஐந்துதான் தேறியது.

“புச்சா ஒண்ணு போட்டுக்கோ சார். உள்ள யாரு பாக்கப் போறா?”

“எனக்குத் தெரியுமேண்ணே.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திக் கீழே இறக்கினார். அதைத் தாங்கியிருந்த போல்ட்டைத் துடைத்து நீட்டினார். அதே முத்திரை.

“இந்த வெயில்ல ஃபேன் இல்லாம என்ன பண்ணுவீங்கண்ணே?”

“அதுக்கு எத்த மாட்னாலும் சுத்தும். நீ எட்துக்கினு போ சார்.”

கார் இப்போது ஓடுகிறது. வீட்டில் யாருக்குமே புரியாத என் பிடிவாதம் அவருக்கு எப்படிப் புரிந்தது என்றுதான் தெரியவில்லை.