இடைவேளையில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தமிழ்ப் படத்தைச் சரியாகப் பாதி பார்த்தேன்.

பெண் பார்க்கும் நிகழ்ச்சி அது. பெண் நான். இடம், தியேட்டர்!

வீட்டுக்கு வந்தால் பலகாரம், புடவை, பக்கத்து வீட்டுக் கண்கள். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடந்தாலே அது செய்தி. அதனால் இரண்டு அம்மாக்களும் போனில் பேசி இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்.

ஒரே வரிசையில் நான்கு இருக்கைகள். அவர், அவர் அம்மா, என் அம்மா, நான்.

(நடுவில் இரண்டு அம்மாக்கள். பாதுகாப்பு ஏற்பாடு.)

"இன்டர்வல்ல நீங்க ரெண்டு பேரும் வெளிய போயி பேசிக்கோங்க. பத்து நிமிஷம். போதும்ல?" என்றார் அம்மா, நான் காடியை ஓட்டிக்கொண்டு வரும்போது.

அம்மா தியேட்டருக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கடைசியாகப் பார்த்தது சென்னையில், புடவை வாங்க விமானம் ஏறிப் போனபோது. அங்கே பாதியில் விளக்கைப் போட்டார்கள். கால் மணி நேரம் விட்டார்கள். பப்ஸ் விற்றார்கள்.

இங்கே அப்படி இல்லை. 'இடைவேளை' என்ற எழுத்து திரையில் வரும், மூன்று விநாடி நிற்கும், படம் தொடரும்.

எனக்கு அது தெரியும். சொல்லவில்லை.

இவர் ஐந்தாவது ஆள். முந்தைய நான்கு பேரையும் நான்தான் வேண்டாம் என்றேன். இவரைப் பற்றிச் சொன்ன அன்று அம்மா சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல், "இதையும் நீ வேணாம்னு சொன்னா இனிமே நான் யாரையும் பாக்க மாட்டேன். உன் இஷ்டம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார்.

படம் வழக்கமான படம். காதல். இரண்டு குடும்பங்கள். நாயகி வாயைத் திறந்து சொல்கிறாள். அண்ணன் அறைகிறான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். ஒரு வீட்டு மானம் முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, கேமரா அவளை மெதுவாகச் சுற்றி வருகிறது.

இடைவேளை.

"போ, போ, எந்திரி!" அம்மா என் முழங்கையை இடித்தார்.

எழுந்தேன். அந்தக் கோடியில் அவரும் எழுந்தார்.

படம் தொடர்ந்தது.

"ஏன் லைட் போடல?" அம்மா. தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி.

"அலாமாக்! இங்க ஏது இன்டர்வல்? உக்காருங்க லா அக்கா, மறைக்குது!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

(அக்காவா! எனக்கு இருபத்தொன்பதுதான்.)

உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் 'சாரி, சாரி' என்று இரண்டு அம்மாக்களின் முழங்கால்களையும் தாண்டி என் பக்கம் வந்துவிட்டார். வெளியே போனோம்.

பாப்கார்ன் வாசனை. சிவப்புக் கம்பளம். ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றோம்.

"இன்டர்வல் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பேசாமலே போயிரலாம்னு நெனச்சேன். நீங்க?"

"நானும்தான்."

முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு கீழே பார்த்தபடி சொன்னார். பாலிக் புலாவில் ஒரு பெண். மூன்று வருடமாக. அவர் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்துதான் இந்தப் பெண் தேடும் வேலை.

"ஒரு ஹெல்ப் பண்ணுவீங்களா? என்னையப் பிடிக்கலன்னு நீங்க சொல்லிருங்க. சம்பளம் பத்தல, குட்டை, என்னா வேணா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் வயலின்கள் அழுதன.

நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் அலுப்பாக இருந்தது. முகம் தெரியாத ஒருத்தியின் காதலுக்கும் நான் போய்க் கெட்ட பெயர் வாங்க வேண்டும்.

"நாலு தடவ வேணாம்னு சொல்லியிருக்கேன். நாலும் என்னோடது. இது உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

"அம்மா அழுவாங்க."

"உள்ள எல்லாரும் அழுதுக்கிட்டுதான் இருக்காங்க. இன்னிக்குச் சொன்னா வித்தியாசமே தெரியாது."

இதற்கு அவர் சிரிக்கவில்லை.

திரும்ப உள்ளே போக இருவருக்கும் தெம்பில்லை. பாலத்து டிராஃபிக் ஜாம் பற்றிப் பேசினோம். அந்தப் பெண் வீட்டு நாய்க்கு இவரைக் கண்டாலே ஆகாது என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது.

கதவு திறந்தது. அவர் அம்மா கண்ணைத் துடைத்தபடி வந்தார். "என்னா படம்! அழுது அழுது தலைவலி வந்துருச்சு."

இவர் வாயைத் திறந்தார்.

"படம் நல்லா இருந்துச்சாம்மா?"

அடப் பாவி!

"ஆண்ட்டி, இவரு உங்ககிட்ட ஒன்னு சொல்லணுமாம். நாங்க கெளம்புறோம்" என்றேன். அம்மாவின் கையைப் பிடித்து மின்படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தேன்.

(அன்றே சொல்லிவிட்டாராம். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. சட்டை கலர மட்டும் எழுதாதீங்க" என்றார். எழுதவில்லை.)

காடியில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நீ வேணாம்னு சொல்லல."

"சொல்லலம்மா."

"சொல்லியிருப்பியா?"

"தெரியலம்மா."

சிவப்பு விளக்கு. பேச்சை மாற்றுவதற்காக, "படத்துல அந்தப் பொண்ணோட அப்பா பொழச்சாரா?" என்று கேட்டேன்.

"நான் எங்க படத்தப் பாத்தேன்?" என்றார் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் போன கதவையேதான பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."



படம் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அந்த அப்பா பிழைத்தாரா? அம்மாவிடம் சொல்ல வேண்டும்.