ஐந்தாம் நாள் விரதமும் அக்காவின் முழங்காலும்

2024 நவம்பர் 6, புதன்கிழமை. கந்த சஷ்டியின் ஐந்தாம் நாள். ஐந்து மணிக்கு எழும்பினேன். இரவு பெய்த மழை விட்டிருந்தது. முற்றத்தைக் கூட்டி, ஈரச் சருகைக் குழியில் தள்ளிவிட்டு, தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தாங்கி நிரம்புவதற்குள் பூ ஆய்ந்து சாமியறையில் வைத்தேன். பிறகு குசினியில் எனக்கு மட்டும் தேநீர் ஊற்றினேன். அலுவலகத்துக்கு உடுக்கும் சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்தேன். அக்கா குளித்து, திருநீறு பூசி, சீனி வருத்தத்துக்கான குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினார். எல்லாம் நாள்தோறும் நடப்பதுதான். குளிசைக்குப் பிறகு சாப்பாடு இல்லை என்பதில் மட்டுமே அந்த ஐந்து நாளும் வேறுபட்டன.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். அத்தான் காலமான பிறகு, ஓர்ஸ் ஹில்லில் உள்ள அக்காவுடைய வீட்டில் நாங்கள் இருவரும்தான். அவர் கணக்கு ஆசிரியை. பாடம் முடியும்வரை உட்காரமாட்டார். ஆசிரியர் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கும் நித்திரை, கணக்குக்கும் நித்திரை என்பார். அப்படிப்பட்டவருடைய வலது முழங்கால் தேய்ந்துபோனது. சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனால் முதலில் நிறை குறைய வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மாடியில் இருந்த வகுப்பை அதிபர் கீழே மாற்றிக் கொடுத்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் போடுவித்தார். அக்கா அதில் தன் கைப்பையை வைத்தார். ஓய்வு பெறும் நாள்வரை நின்றுதான் படிப்பிப்பது என்ற முடிவை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். நிறை குறைப்பதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். முதலில், யாரோ சொன்னார்கள் என்று சோற்றை அடியோடு விட்டார். நான் எதிரில் இருந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிடும்போது, ஒரு முறைகூட என் கோப்பையைப் பார்க்கவில்லை. நிறை இறங்கியது. திரும்பச் சோறு தொட்டதும் ஏறியது. அதன் பிறகு, தெரிந்த பெண் ஒருவர் கைத்தொலைபேசியில் முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டி, ரின்னில் அடைத்த மா ஒன்றை விற்றார். இரண்டு நேரச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் கரைத்துக் குடித்தார். தலைமயிர் கொட்டியது, கொண்டையைச் சின்னதாக முடிந்துகொண்டு தொடர்ந்தார். வயிற்றைக் கரைக்கும் என்ற ஒரு தேயிலை வந்தது. அது கரைத்ததென்னவோ உண்மை. வயிற்றோட்டத்தில் இறங்கிய நிறையைக் காலையில் தராசில் பார்த்துத் திருப்திப்பட்டார். பாடத்தின் நடுவில் ஓட வேண்டி வந்த அன்றுதான் அதை விட்டார். இடுப்பில் பொலித்தீன் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் கடற்கரையில் நடந்தது கடைசி. வியர்வையில் தோல் பொங்கியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த உறுதி எனக்கு வராது. பாடசாலையில் இளம் ஆசிரியைகள் மூவர் அவரைப் பார்த்துத் தாங்களும் அந்த மாவை வாங்கிக் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மற்ற ஆண்டுகளில் சஷ்டிக்கு மதியம் ஒரு நேரம் சமைத்துச் சாப்பிடுவார். இந்த முறை அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக் இருந்தது. அதற்குள் நிறை இறங்கினால் சத்திரசிகிச்சைக்குத் திகதி கேட்கலாம். ஆகவே இரவில் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும் என்று கடும் விரதம் பிடித்தார். தராசுக்கு எண்ணியதை முருகனுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டார்.

அன்று காலை ஏழு மணியளவில் கேற்றடியில் ஸ்கூட்டியின் சத்தம் கேட்டது. அக்காவோடு படிப்பிக்கும் ஆசிரியை கிண்ணியாவில் இருந்து பாலத்தைத் தாண்டி வந்து, அவரை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். அக்கா கைப்பையோடு படிக்கு வந்தார். செருப்பை மாட்டப் போனார். கால் செருப்புக்குப் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. மழைக் குளிர் போகாத காலை, அவருடைய முகம் மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது.

“பஸ் போட்டுதோ?” என்று என்னைக் கேட்டார். அக்கா பஸ்ஸில் போய் ஆண்டுக்கணக்காகிறது.

விரதக் களைப்பு என்று நினைத்து, படுக்க வைக்கப் பாய் எடுக்கத் திரும்பினேன். ஆசிரியை தலைக்கவசத்தைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டு, அக்காவைத் தாங்கி இருத்தினார். கையைப் பிடித்துப் பார்த்தார்.

“தங்கச்சி, பாய் வேணாம். சீனி எங்க இரிக்கி?”

ஒரு தம்ளர் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அக்கா முகத்தைத் திருப்பினார். விரதம் என்றார்; சொல் குழறியது.

“டீச்சர், உங்கட சாமி கோவிச்சா என்ட பேரச் சொல்லுங்க. இப்ப குடிங்க.”

குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் நிலைகொண்டது. தான் எங்கே இருக்கிறோம் என்பது விளங்கியதும், செருப்பைப் பார்த்து வெட்கப்பட்டார். ஆசிரியை அவருடைய தோளில் இருந்து கையை எடுக்கவில்லை. தன் தாயாருக்கும் இதே வருத்தம் என்றார். ரமழான் நோன்பு தொடங்க முன்பே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதுவித்துக்கொண்டு வருவார்களாம். ஓர் ஆண்டு வைத்தியர் நோன்பே வேண்டாம் என்று சொல்ல, தாயார் அழுதபடி கேட்டுக்கொண்டாராம்.

“சாப்பாட்ட நிப்பாட்டின நீங்க, குளிசையப் பத்தி ஒருத்தரிட்டயும் கேக்கல்லயா?”

“குளிசையை ஒருநாளும் விடக்கூடாதெண்டுதானே கிளினிக்கில சொன்னவை,” என்றார் அக்கா. தப்பாமல் குளிசை போட்டவர் என்ற பெருமை அந்த நேரத்திலும் குரலில் இருந்தது.

பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் அறிவித்துவிட்டு, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளிசையின் வேகம் இன்னும் உடம்பில் இருக்கும், இரத்தத்தில் சீனி திரும்பவும் இறங்கலாம் என்று பின்னேரம்வரை மறித்து வைத்தார்கள். நோயாளர் விடுதியில் இருந்த வைத்தியர் இளம்பெண். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அக்கா விரதத்தோடு நிறுத்தவில்லை. மா, தேயிலை, பொலித்தீன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானாக இருந்தால் பாதியை விழுங்கியிருப்பேன்.

வைத்தியர் கோபிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்து விளக்கினார். அவசரமாக இறங்கும் நிறையில் தண்ணீரும் தசையும் நிறைய இருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு புது முழங்காலைத் தாங்கி நடக்க வைப்பது தொடைத் தசைதான். பட்டினி கிடந்து அதையும் கரைத்துக்கொண்டு போனால், எழும்பி நிற்பதே பெரும்பாடாகும். இனிச் சாப்பாட்டைக் குறைப்பதாக இருந்தால் கிளினிக்கில் கேட்டே குறைக்க வேண்டும். குளிசையைத் தானாகக் கூட்டவும் கூடாது, விடவும் கூடாது. அன்றைக்கு அவரே அளவைக் குறைத்து எழுதித் தந்தார். நிறை மெதுவாகத்தான் இறங்கும், திகதியும் பிந்தும் என்று மறைக்காமல் சொன்னார்.

வைத்தியர் போனதும், அவர் எழுதித் தந்த துண்டை அக்கா இரண்டு முறை வாசித்தார். திகதி பிந்துகிற கவலை என்று நினைத்தேன். விரதம் முறிந்ததையும் சேர்த்து நினைக்கிறாரோ என்று, முருகன் ஒன்றும் நினைக்கமாட்டார் என்று ஆறுதலாகச் சொன்னேன்.

“அவர் என்னத்தை நினைக்கிறது? முழங்காலைத் தாரும் எண்டு அவரிட்டக் கேட்டுப்போட்டு, முழங்காலுக்கு வேண்டின சதையை நானே கரைச்சனான். அந்த மனுசன் என்ன செய்வார், பாவம்.”

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு அந்த மூன்று இளம் ஆசிரியைகளுக்கும் ஒவ்வொருவராக அழைப்பு எடுத்தார். நாளைக்குப் பாடசாலையில் சொன்னால் போதும் என்றேன். நாளைக்குக் காலையிலும் அதுகள் மாவைக் கரைத்துக் குடிக்கும் என்றார். மூவரிடமும் ஒரே விதமாகவே தொடங்கினார்: தான் விழப் பார்த்தது, செருப்புப் போடத் தெரியாமல் நின்றது, எல்லாம். தன்னைப் பார்த்துத்தான் அவர்கள் தொடங்கினார்கள், தான் சொல்லித்தான் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இருபத்தைந்து ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் பிழை விடாமல் நின்றவர், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளிடம் தன் விடை பிழை என்று மூன்று முறை சொன்னதை நான் கதவடியில் நின்று கேட்டேன். ஒருத்தி, உடைக்காத ரின் இன்னும் இரண்டு இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள்.

“கோலம் போடு, பிள்ளை. எறும்பாவது மெலியட்டும்.”

அன்றிரவு அக்கா புட்டும் முட்டையும் சாப்பிட்டார். நான் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் சூரன் போர். ஒழுங்கையில் அனேகமாக எல்லா வீட்டிலும் விரதம். கோயில் மணி கேட்கும்போதே நான் குசினிக்குப் போய், வேறு எதையும் தொடமுதல், இடியப்பம் அவித்தேன். அக்கா முன் விறாந்தையில், போவோர் வருவோர் பார்க்க, மேசைக்கு முன்னால் இருந்து சொதியோடு நாலு இடியப்பம் சாப்பிட்டார்.