டெங்கு அவர்களின் இளமைக்காலம்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஒரு பிள்ளை என்ன படிக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்னால் கடைக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்டேஷனரி என்றுதான் எழுதியிருக்கிறது. பிழைப்பு அதில் இல்லை, புராஜெக்டில் இருக்கிறது. இலக்கியம், அரசியல், நோய், தலைவர்கள் என்று பள்ளியில் எதைக் கேட்டாலும் தட்டச்சு செய்து, படம் ஒட்டி, ஸ்பைரல் போட்டுக் கொடுப்போம். செய்கிறவள் நான். பி.ஏ. வரலாறு, பி.எட். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் போன முதல் ஆள். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். எதிரே இருக்கும் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வேறு எங்கும் போகாமல் அந்த கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அம்மா தெருவில் "பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல வேலை" என்று சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் 'எதுத்தாப்புல'வை விட்டுவிட்டாள்.

ஆகவே ஒவ்வொரு புராஜெக்டும் எனக்கு ஒரு பரீட்சை. நான் செய்வதெல்லாம் அந்த கேட்டுக்குள் போகிறது. அதில் ஒரு பிழை இருந்தால் நாளைக்கு அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயத்திலேயே பசை காய்ந்துவிடும். என்னைப் போல மேசைக்குப் பின்னால் இருப்பவர்களும், "நாளைக்குக் காலையில வேணும்" என்று மேசைக்கு முன்னால் தவித்து நின்ற பெற்றோர்களும் இதைப் புரிந்துகொள்வீர்கள்.

மரியாதையான நோய்

ஒரு மாலையில் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு வந்தார். அறிவியலில் 'ஏதேனும் ஒரு நோய்' கேட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு வைத்திருந்தவற்றை எடுத்துப் பரப்பினேன். ஜவுளிக் கடையில் சேலை புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது என்னதும்மா?"

"சர்க்கரை நோய் அண்ணாச்சி."

"அது வீட்டுலயே கிடக்கு. வேற காட்டு."

காசநோயைக் காட்டினேன். கையை எடுத்துவிட்டார். "பிள்ளை பேரை மேல போட்டு, கீழ காசநோய்னு போடுதிய. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் இதைப் பாத்தா என்ன நினைப்பான்?" எட்டாம் வகுப்புப் பிள்ளை தரையைப் பார்த்தாள். சொறி சிரங்கு என்று நான் வாயைத் திறந்ததும் அண்ணாச்சி பார்த்த பார்வையில் அந்தத் தாளை அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். காமாலை மஞ்சளாக இருக்கிறது, வேண்டாம். யானைக்கால், படமே வேண்டாம். நோயின் அறிகுறிகளைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் டீச்சர் சொல்லுவாவ" என்று தடுத்துவிட்டார். கடைசியில் அடியில் கிடந்த மாரடைப்பை எடுத்து நீட்டினேன். சிவப்பு இதயம், பளபளப்பான தாள், உள்ளே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் படம். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது.

"இதையே போடும்மா. கேக்கதுக்கே வசதியான வீட்டு நோய் மாதிரில்லா இருக்கு!"

கரையில் நிற்கிறவள்

ஒன்பதாம் வகுப்புத் தமிழில் ஐந்திணைகளுக்குச் சார்ட் கேட்டிருந்தார்கள். வகுப்பைக் குழுவாகப் பிரித்ததில் மீன் விற்கும் அக்கா ஒருவரின் மகனுக்கு நெய்தல் வந்துவிட்டது. மகன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். அக்காதான் வந்தார். கூடையை வெளியே வைத்துவிட்டு, "என்ன எழுதியிருக்கன்னு வாசிச்சுக் காட்டு பிள்ள" என்றார். இப்படிக் கேட்ட முதல் வாடிக்கையாளர் அவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சர் மாதிரி எழுந்து நின்றே வாசித்தேன். நிலம், கடலும் கடல் சார்ந்த இடமும். தொழில், மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். உரிப்பொருள், இரங்கல்.

"அப்படின்னா?"

"தலைவன் இன்னும் வரலையேன்னு தலைவி கடற்கரையில நின்னு வருத்தப்படுறது அக்கா."

"எம்புட்டு நேரமா?"

"ரெண்டாயிரம் வருஷமா இதேதான் அக்கா."

அக்கா சார்ட்டுக்குப் பக்கத்தில் வந்து தலைவியின் படத்தை உற்றுப் பார்த்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கன்னத்தில் கண்ணீர். கணினியில் எனக்குக் கிடைத்த தலைவி அவள்தான். சேலை ஈரமாகவில்லையே என்றார். கையில் ஒன்றும் இல்லையே என்றார். நான் மார்க்கரை எடுத்து அவள் இடுப்பில் ஒரு கூடை வரைந்தேன். தமிழ் ஐயா என்ன சொல்வாரோ என்ற பயத்தில் கூடை கொஞ்சம் கோணல். அக்காவுக்குத் திருப்தி. சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"இவ அழுதுக்கிட்டே நின்னா, வள்ளம் வந்ததும் மீனை எவ ஏலத்துல எடுப்பா?"

எந்த ஊர்த் தலைவர்

பள்ளியிலிருந்து விளையாட்டு ஆசிரியரே நேரில் வந்தார். பள்ளிச் சுவரில் மாட்ட ஒரு தலைவர் படமும் கீழே வாழ்க்கைக் குறிப்பும் வேண்டும். அந்தப் பள்ளியிலிருந்தே ஆசிரியர் ஒருவர் என் மேசைக்கு வந்ததில் எனக்குப் படபடப்பு. எங்கள் கோப்பில் இருந்த எல்லாத் தலைவர்களையும் திரையில் வரிசையாக ஓடவிட்டேன். சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டினார்.

"இவரைப் போட்டா வடக்குத் தெருக்காரங்க மாலை போட வருவாங்க. அதுக்குப் போட்டியா தெற்குத் தெருக்காரங்க அவரைக் கொண்டாருவாங்க. போன வருஷம் மாறுவேடப் போட்டியில எந்தத் தலைவர் முதல்ல மேடை ஏறுறதுன்னு ரெண்டு அப்பாமாரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. விலக்கிவிடப் போன என் விசில் போச்சு."

"வெளிநாட்டுத் தலைவர் போடலாமா சார்?" என்று கேட்டேன்.

"அவருக்கும் இங்கன சொந்தக்காரன் வந்துருவான்மா."

விஞ்ஞானி, அவரும் ஒரு தெருவில் பிறந்தவர்தானே என்றார். ராணி, அவருக்கு வம்சம் இருக்கிறது. மாலை வரை தேடினோம். வரலாறு படித்தவள் என்ற முறையில் எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு சுவருக்கு ஆள் கிடைக்கவில்லை. சார் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, என்னிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"இந்தியாவுல எந்த ஊர்லயும் சிலை இல்லாத தலைவரா ஒருத்தரைப் பாத்து வையும்மா, நாளைக்கு வாரேன்."

சட்டமன்றம்

தெர்மோகோலில் சட்டமன்றம் செய்யச் சொல்லி ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர். மகனுக்குக் குடிமையியல் புராஜெக்ட். தீப்பெட்டிகளுக்கு வண்ணத்தாள் ஒட்டி நாற்காலி செய்தேன். நடுவில் சபாநாயகர், வலது பக்கம் ஆளுங்கட்சி, இடது பக்கம் எதிர்க்கட்சி. வாங்க வந்தவர் குனிந்து பார்த்து, இடது பக்கத்துத் தீப்பெட்டிகளை நகத்தால் பெயர்க்க ஆரம்பித்தார்.

பதறிப்போய், "அண்ணாச்சி, அது ஜனநாயகம், ரெண்டு பக்கமும் இருக்கணும்" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. பெயர்த்த தீப்பெட்டிகளைப் பொறுமையாக என் உள்ளங்கையில் வைத்தார். வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு கதவு வைத்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"அவனுவ வருவானுவ, கத்துவானுவ, வெளிநடப்பு செய்வானுவ. உக்கார நேரம் எங்க இருக்கு?"

முத்துக்குளிப்பவரின் பேட்டி

ஊரின் பெருமையான முத்துக்குளிப்பு பற்றிக் கள ஆய்வு செய்து, குளித்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு எழுத வேண்டும் என்று ஒரு முறை பள்ளியில் சொல்லிவிட்டார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோய் எத்தனையோ காலமாகிறது. பிள்ளைகள் யாரைப் போய்ப் பார்ப்பார்கள்? ஊர் முழுக்க விசாரித்து எல்லோரும் ஒரே ஆளிடம் போய் நின்றிருக்கிறார்கள். கடற்கரைத் தெருவில் இருக்கும் அவர் சங்கு குளித்தவர். பேட்டிகள் தட்டச்சுக்கு என்னிடம் வந்தன. ஒன்றில் அவரைச் சுறா துரத்தியது. இன்னொன்றில் அவர் சுறாவைத் துரத்தினார். மூன்றாவதில் சுறாவின் வயிற்றிலேயே முத்து இருந்தது.

என்னால் அப்படியே அடிக்க முடியவில்லை. கையெழுத்துப் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, நீங்க முத்துக் குளிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "முத்தை நான் நகைக்கடையிலதான் பாத்திருக்கேன்" என்றார். சங்கைப் பற்றி யாராவது கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை. முத்து, சுறா, பயமாக இருந்ததா, இந்த மூன்றைத்தான் கேட்டார்களாம். முதலில் வந்த பையனிடம் உண்மையைச் சொன்னதாகவும், அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சுறாவை விட்டதாகவும் சொன்னார். அப்படியானால் எந்தப் பேட்டி சரி என்று கேட்டேன். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னிடம் ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"எல்லாத்தையும் ஒண்ணு போல சொன்னா, பாத்து எழுதுனான்னு மார்க்கைக் குறைச்சிருவாவளே மக்கா!"

டெங்கு அவர்கள்

எங்கள் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே வாழ்க்கை வரலாறுதான். கணினியில் ஒரு கோப்பு. பெயரை மட்டும் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். எனக்கு இது பிடிக்காது. நான் இருக்கும்போது ஒவ்வொன்றையும் தனியாகத்தான் எழுதுவேன். ஒரு கல்யாணத்துக்காக நான் ஓட்டப்பிடாரம் போயிருந்த அன்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து டெங்கு கேட்டிருக்கிறாள். கடையில் கூட்டம். முதலாளி அவசரத்தில் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதை மறுநாள் நான் கணினியைத் திறந்தபோது பார்த்தேன்.

'டெங்கு அவர்கள் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே மக்களோடு நெருங்கிப் பழகினார். ஏழை, பணக்காரர் என்ற பேதம் பார்க்கவில்லை. ஓய்வறியாது ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் செய்தார். அரசு எத்தனையோ நடவடிக்கை எடுத்தும் அவர் பணியவில்லை. அவர் விட்டுச் சென்ற பணியை நாம் அனைவரும் தொடர வேண்டும்.' முதல் பக்கத்தில், தலைவர் படத்துக்கான முட்டை வடிவச் சட்டத்துக்குள், ஒரு கொசு.

முதலாளியிடம் காட்டினேன். "எல்லாம் உண்மைதானம்மா, எதுல தப்பு?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியில் யாராவது கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு வரவேண்டிய வேலை போனது, இனி என்ன செய்தாலும் அந்தப் பள்ளியில் என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்புறம் அந்த மாணவி பேனா வாங்க வந்தாள். திருத்திய புராஜெக்ட் பையில் இருந்தது. வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். கொசுவுக்குக் கீழே டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:

"நன்று. இவருடைய படம் இன்னும் தெளிவாக இருந்திருக்கலாம்."

நேர்முகத் தேர்வு

ஆண்டு முடிவில் அந்த இடம் காலியானது. விண்ணப்பித்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா தன் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அப்பா உப்பளத்துக்கு லீவு சொல்லிவிட்டு, எங்கள் கடை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

மாதிரி வகுப்பு ஏழாம் வகுப்புக்கு. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள், "புராஜெக்ட் அக்கா!" என்று கத்திவிட்டார்கள். வியர்த்துவிட்டது. சார்ட் எதுவும் கொண்டுபோகவில்லை. வேண்டுமென்றேதான். உப்புக்கு வரி போட்டால் உங்கள் வீட்டில் யார் முதலில் கத்துவார்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், வகுப்பு கிளம்பிவிட்டது. அப்பாவின் உப்பளம், அத்தையின் கருவாடு, மாமாவின் லாரி என்று ஆளாளுக்கு எழுந்து சொன்னார்கள். யாருக்கும் படம் தேவைப்படவில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையும் எழுந்திருக்கவில்லை.

அவர் நாசரேத்துக்காரர், அளந்துதான் பேசுவார். அறைக்குக் கூட்டிப் போய்க் காபி கொடுத்தார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு மாடல் கிளாஸ் நான் பாத்ததில்ல" என்றார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு அவர் விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் பார்த்தார். "எதிர்த்த கடையில புராஜெக்ட் செய்யுற பிள்ளை நீதானா?" ஆமாம் என்றேன். எல்லாம் நீதானா என்றார். ஒன்றைத் தவிர எல்லாம் நான்தான் என்றேன். அவர் எழுந்து பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை என் ஸ்பைரல்கள். கண்காட்சியில் பரிசு வாங்கியவை தனி அடுக்கு. அதில் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு பீரோவைப் பூட்டிவிட்டு, உண்மையான கவலையோடு என்னைக் கேட்டார்:

"உன்னை உள்ள எடுத்துட்டா, எங்க பிள்ளைங்களுக்கு வெளிய யாரும்மா புராஜெக்ட் செஞ்சு குடுப்பா?"

இந்த ஊரில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்திலும் ஆண்டு தவறாமல் நல்ல மதிப்பெண்ணோடு தேறிக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான் என்பதால், என்னை அவர்கள் பள்ளியை விட்டு அனுப்பவும் மாட்டார்கள், உள்ளே விடவும் மாட்டார்கள்.